காற்றை அடக்கு, பிறகு பாட்டைக் கேள்

பைக்கில் போகும்போது பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த ஸ்பீக்கர் அதிகச் சத்தம் தரும் என்பதைத்தான். நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்களிடம் கேட்டால், "முதல்ல ரெண்டு காதையும் அடைச்சுக்கோங்க, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். பாட்டு கேட்க வழி கேட்டால் காதை அடைக்கச் சொல்கிறார்களே என்று புதியவர்கள் திகைப்பார்கள்.

அந்தப் பதிலில் தவறே இல்லை. காற்று எப்படி ஓசை எழுப்புகிறது, ஓர் ஒலி இன்னொன்றை எப்படி மறைக்கிறது, உட்செவி எந்த அளவுக்குத் தாங்கும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும். அதைவிட முக்கியமாக, திரும்பி வராத ஒன்றான கேட்கும் திறன் காப்பாற்றப்படும்.

என்ஜினை முந்தும் காற்று

ஊருக்குள் மணிக்கு 30, 40 கி.மீ. வேகத்தில் போகும்போது நாம் கேட்பது பெரும்பாலும் என்ஜினின் ஓசைதான். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் எரிபொருள் ஒருமுறை எரியும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் வினாடிக்கு 25 முறை. புல்லட்டின் 'டப் டப்' நெஞ்சுக்குள் அதிர்வதற்கு இந்தத் தாழ்ந்த அதிர்வெண்தான் காரணம். அது காதை விட உடம்பைத்தான் அதிகம் தொடுகிறது.

வேகம் 65 கி.மீ.யைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடும். அதற்கு மேல் ஹெல்மெட்டுக்குள் ஆட்சி செய்வது காற்று. என்ஜின் பின்னுக்குப் போய்விடும். 1990களில் பிரிட்டனில் காது மருத்துவர் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் ஹெல்மெட்டுக்குள் மைக் வைத்து அளந்தார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 90 டெசிபெல் இருந்த காற்றோசை, 160 கி.மீ. வேகத்தில் சுமார் 110 டெசிபெல்லுக்கு ஏறியது.

20 டெசிபெல் வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. ஆனால் டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு ஆற்றல். ஆகவே 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, ஓசையின் ஆற்றல் நூறு மடங்காகிவிட்டது. இதற்குக் காற்றொலியியலில் விளக்கம் உண்டு. ஒரு பொருள்மீது காற்று மோதிப் பிறக்கும் ஓசையின் ஆற்றல், வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி வளரும் என்பது 1955இல் கர்ல் என்ற கணிதவியலாளர் வகுத்த கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் முடிவு. ஹெல்மெட்டுக்குள் எடுத்த அளவுகள் ஐந்தாம் அடுக்கை நெருங்கி நிற்கின்றன. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாலே பாட்டு காணாமல் போவது இதனால்தான்.

இந்த ஓசை எந்த வழியாக உள்ளே வருகிறது? வைசரின் விளிம்பு, காற்றுத் துவாரங்கள் என்றுதான் பலரும் நினைப்போம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்லியும் சக ஆய்வாளர்களும் காற்றுச் சுரங்கத்தில் ஹெல்மெட்டை வைத்துச் சோதித்தபோது வேறோர் இடம் பிடிபட்டது. தாடைப் பகுதிக்கு அடியில், ஹெல்மெட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அங்கே சுழலும் காற்று எழுப்பும் இரைச்சல் நேராகக் காதுக்கு ஏறுகிறது. 2011இல் வெளியான இந்த முடிவு, ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த ஒரு வழக்கத்துக்கும் காரணம் சொல்கிறது. கழுத்தைச் சுற்றி ஒரு துணியை இறுக்கமாகக் கட்டி, அந்த இடைவெளியை அடைத்தால் ஹெல்மெட்டுக்குள் அமைதி கூடும்.

மறைக்கும் ஓசை, மறையும் பாட்டு

திருவிழாக் கூட்டத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. ஹெல்மெட்டுக்குள் காற்று பாட்டுக்குச் செய்வதும் அதுதான். ஒலியியலில் இதற்கு மறைத்தல் என்று பெயர்.

காற்றோசையின் பெரும்பங்கு ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே குவிந்திருக்கிறது. எனவே முதலில் தொலைவது பாட்டின் அடித்தளம். பேஸ் கிட்டார் போகும், மிருதங்கத்தின் தொப்பி போகும், ஆண் குரலின் கனம் போகும். சேதம் அத்தோடு நிற்பதில்லை. உட்செவியின் அமைப்பே அப்படி: பலமான தாழ்ந்த ஓசை தனக்கு மேலே இருக்கும் அதிர்வெண்களையும் மறைத்துக்கொண்டே போகும். ஓசை எவ்வளவு பலமோ, அந்த மறைப்பு மேல்நோக்கி அவ்வளவு அகலமாகப் பரவும்.

பாட்டு மறைந்ததும் நம் கை தானாகவே வால்யூமைத் தேடுகிறது. நாற்கரச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு 2018இல் மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் 80 கி.மீ. மேலே சொன்ன அளவீடுகளின்படி அந்த வேகத்தில் காற்றோசை 95 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். பாட்டும் அதே அளவுக்கு ஒலிக்க வேண்டுமென்றால் காதுக்குள் போகும் ஆற்றல் இரட்டிப்பாகும், மொத்தம் 98 டெசிபெல். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அதன்படி 94 டெசிபெல்லைத் தாங்கக்கூடிய நேரம் ஒரு மணி. 97க்கு அரை மணி. 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான்.

சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஓட்டுகிறவர், பாட்டே போடாவிட்டாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். வால்யூமைக் கூட்டினால் அந்த எல்லை செங்கல்பட்டைச் சுற்றியே வந்துவிடும்.

மனிதரின் உட்செவி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். கோழி போன்ற பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது. நீண்ட பயணம் முடித்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், எதிரில் இருப்பவர் பேசுவது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், அந்தச் செல்கள் அளவுக்கு மீறி உழைத்திருக்கின்றன என்று அர்த்தம். மறுநாள் சரியாகிவிடும். பல ஆண்டுகள் இப்படியே தொடர்ந்தால் ஒருநாள் சரியாகாமல் நின்றுவிடும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே தொடங்குகிறது. பேச்சில் ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதிக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது.

காதை அடைத்தால் ஏன் தெளிவாகிறது?

மருந்துக் கடையிலும் பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடையிலும் கிடைக்கும் நுரை இயர்பிளக் சில பத்து ரூபாய்தான். சரியாக மாட்டினால் 20 டெசிபெல்லாவது குறைக்கும். 95 டெசிபெல் 75ஆக இறங்கும். காதைச் சேரும் ஆற்றல் நூறில் ஒரு பங்கு.

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் பாட்டும் அதே இயர்பிளக்கைக் கடந்துதான் வர வேண்டும். பாட்டும் காற்றும் ஒரே அளவு குறைந்தால் விகிதம் மாறாதே, பிறகு எப்படித் தெளிவு வரும் என்று கேட்கலாம். விடை உட்செவியில் இருக்கிறது. மிதமான ஒலியில் உட்செவி அருகருகே உள்ள அதிர்வெண்களை நுணுக்கமாகப் பிரிக்கும். ஒலி மிகப் பலமானால் அந்தப் பிரிக்கும் திறன் மழுங்கிவிடும். தாழ்ந்த ஓசை மேலுள்ளவற்றை விழுங்குவதும் அப்போதுதான் அதிகம். மொத்த ஓசையையும் கீழே இறக்கினால் காது தன் இயல்பான எல்லைக்குள் திரும்பும். குரல் தனியாக, தாளம் தனியாகப் பிரிந்து கேட்கும். பக்கத்து லாரியின் ஹார்னும் காற்றிலிருந்து பிரிந்து தெரியும்.

நுரை இயர்பிளக்கை மாட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் காதின் வாசலில் செருகிவிட்டு, "ஒண்ணும் வித்தியாசம் இல்லையே" என்பார்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, மடிப்பு விழாமல் மெல்லிய திரிபோல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். காதுக்குழாய் அப்போது நேராகும். திரியை உள்ளே விட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் அசையாமல் பிடித்தால் நுரை விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போயிருந்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள்.

நுரைக்கு ஒரு குறையும் உண்டு. தாழ்ந்த ஒலியைவிட உயர்ந்த ஒலியை அதிகமாக வெட்டும். அதனால் பாட்டு கொஞ்சம் மங்கும். இசைக் கலைஞர்களுக்காக 1980களின் இறுதியில் எல்லா அதிர்வெண்களையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி இயர்பிளக்குகள் வந்தன. ஓட்டுநர்களுக்கென்று அதே வகையில் செய்தவையும் இப்போது கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

எந்தக் கருவி, எதற்கு?

பைக்கில் பாட்டு என்பது புதிய ஆசை இல்லை. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோதே அதைச் சட்டைப்பைக்குள் போட்டு, ஹெட்போன் வயரை ஹெல்மெட்டுக்குள் விட்டு ஓட்டியவர்கள் உண்டு. 1980இல் ஹோண்டா, கோல்டு விங் வரிசையில் இன்டர்ஸ்டேட் என்ற நெடும்பயண மாடலைக் கொண்டுவந்து, விரும்புகிறவர்களுக்கு ஸ்டீரியோவும் பொருத்திக் கொடுத்தது. 2000களின் நடுவில் இஸ்ரேலின் கார்டோ நிறுவனம் ஹெல்மெட்டில் மாட்டும் ப்ளூடூத் கருவியைப் பரவலாக்கியது. பிறகு கொரியாவின் சேனாவும் களத்துக்கு வந்தது.

ஹேண்டில்பாரில் மாட்டும் ஸ்பீக்கரை முதலில் பார்ப்போம். தூரம் இரட்டித்தால் ஒலியின் ஆற்றல் கால் பங்காகும். ஸ்பீக்கரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருப்பதில் 64இல் ஒரு பங்குதான் 80 செ.மீ. தள்ளி இருக்கும் காதை வந்தடையும். அதையும் ஹெல்மெட் பாதி தடுத்துவிடும். முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு உள்ள கோல்டு விங் போன்ற வண்டிகளில் காற்று விலகுவதால் இது ஓரளவுக்கு எடுபடும். நம் ஊர் 150 சிசி வண்டியில் அந்தப் பாட்டு சிக்னலில் நிற்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

எலும்பு வழிக் கடத்தல் ஹெட்போன் கன்னத்து எலும்பை அதிரவைத்து, செவிப்பறையைத் தொடாமலே உட்செவிக்கு ஒலி அனுப்பும். காது திறந்தே இருப்பது நடந்து போகிறவருக்கு வசதி. பைக்கில் அதே திறந்த காதின் வழியாகக் காற்று முழுதாக நுழைகிறது. செவிப்பறையைத் தொடுவதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. எந்த வழியாக வந்தாலும் அதிர்வு சேருமிடம் அதே மயிர்ச்செல்கள்தான்.

காதுக்குழாயை அடைக்கும் இயர்பட்ஸ், ஒலியியல் நோக்கில் மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்தது. காற்றைத் தடுக்கும், பாட்டைத் தடுக்காது. மெதுவாக வைத்தாலே போதும். ஆனால் பலர் செய்வது நேர்மாறு, அடைத்ததன் பலனை வால்யூமைக் கூட்டி இழந்துவிடுகிறார்கள். சட்டமும் பல நாடுகளில் இதை ஏற்பதில்லை. பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் வாகனம் ஓட்டும்போது காதில் இயர்போன் மாட்டினால் 135 யூரோ அபராதம், ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கருக்கு மட்டும் விலக்கு. கலிஃபோர்னியாவில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுவது குற்றம். இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. பாட்டை மாற்றப் போனை வெளியே எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே மிஞ்சுவது ஹெல்மெட் ஸ்பீக்கர். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய வட்டு, ஹெல்மெட்டின் காதுக்குழியில் மெத்தைக்கு அடியில் ஒட்டப்படும். "ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினேன், பேஸே இல்லை" என்று புலம்புகிறவர்கள் பலரிடம் குறை ஸ்பீக்கரில் இல்லை, பொருத்திய இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிர் அழுத்த அலைகளை எழுப்புகின்றன. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அவை கலந்து தாழ்ந்த ஒலிகளை அழித்துவிடும். மேல் ஒலிகளோ நேர்கோட்டில் பாய்பவை. மையம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகினாலும் கூர்மை போய்விடும்.

இதைச் சரிசெய்ய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பக்கமாக ஒரு விரலை உள்ளே விட்டுக் காதுத்துளை எங்கே விழுகிறது என்று தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாம் நினைத்ததைவிடச் சற்று முன்னாலோ மேலேயோ இருக்கும். அந்த இடத்தில் வெல்க்ரோவை ஒட்டி, காதை மெல்லத் தொடும் வரை நுரைத்துண்டு கொடுத்து ஸ்பீக்கரை முன்னே கொண்டுவர வேண்டும். தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும். குழி போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைச் சுரண்டுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். விபத்தில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்திருக்கும் ஈசிஇ 22.06 தரவிதி, ஹெல்மெட்டோடு சேர்த்து இத்தகைய துணைக்கருவிகளையும் சோதிக்க வகைசெய்திருக்கிறது.

ஹெல்மெட் ப்ளூடூத் கருவியின் இன்டர்காமில் நண்பரோடு பேசத் தொடங்கியதும் சிலருக்குப் பாட்டின் தரம் திடீரென்று விழும். ப்ளூடூத் பாட்டுக்கு ஒரு முறையையும் பேச்சுக்கு வேறொரு முறையையும் பயன்படுத்துகிறது. மைக் திறந்ததும் கருவி பேச்சு முறைக்கு மாறி, பழைய தொலைபேசியின் அளவுக்கு ஒலியைச் சுருக்கிவிடும். அது கருவியின் பழுது அல்ல.

இரைச்சலை இரைச்சலால் அழிக்கலாமா?

ஓர் ஒலியலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற யோசனைக்கு ஜெர்மானியரான பால் லுயெக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், 1978இல் விமானப் பயணத்தில் ஹெட்போனை மீறிக் கேட்ட இரைச்சலால் எரிச்சலுற்று, அந்த யோசனையை ஹெட்போனுக்குள் கொண்டுவர இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1986இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகள் அவருடைய மாதிரி ஹெட்செட்டைப் பயன்படுத்தினார்கள்.

விமான என்ஜின் ஓசை ஒரே சீரானது, அடுத்த கணம் எப்படி இருக்கும் என்று கணிக்கலாம். ஹெல்மெட்டுக்குள் காற்று கணத்துக்குக் கணம் மாறுகிறது. மைக்கின் மீதே காற்று மோதி, இல்லாத ஓசையைப் பதிவுசெய்கிறது. அதனால் விமானத்தில் அற்புதமாக வேலை செய்யும் அதே இயர்பட்ஸ் பைக்கில் தடுமாறும். சில நேரம் புதிய உறுமலையே உண்டாக்கும். இன்றைக்குச் சில பத்து ரூபாய் நுரை, காற்றை அடக்குவதில் நம்பகமான கருவியாக இருக்கிறது.

காற்றை அடக்க, கண்ணாடித் தடுப்பு உள்ள வண்டியில் ஒரு சோதனையும் செய்யலாம். ஆளில்லாத நேரான சாலையில், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல், முதுகைச் சற்று நிமிர்த்தியும் பிறகு சற்றுக் குனிந்தும் பாருங்கள். ஓசை சட்டென்று குறைந்தால், தடுப்பின் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல்காற்று உங்கள் ஹெல்மெட்டின் மீது நேராக விழுகிறது. தடுப்பின் உயரத்தையோ சாய்வையோ மாற்றினால் பலன் கிடைக்கும்.

பாட்டும் கவனமும்

காது கேட்பது பாட்டுக்காக மட்டும் இல்லை. வலப்பக்கம் எழும் ஓசை வலக்காதைத் தொட்ட பிறகு, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தாமதத்தில் இடக்காதை அடைகிறது. அந்தத் தாமதத்தை வைத்துத்தான் பின்னால் வரும் பேருந்து எந்தப் பக்கம் ஏறுகிறது என்று மூளை கணிக்கிறது. பாதுகாப்பு என்று எண்ணி ஒரு காதில் மட்டும் இயர்பட் மாட்டுகிறவர்கள் இந்த ஒப்பீட்டையே கெடுத்துக்கொள்கிறார்கள். ஹார்ன் கேட்கும், திசை புரியாது.

இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் வாரன் பிராட்ஸ்கி, கார் ஓட்டும் சிமுலேட்டரில் வெவ்வேறு தாளகதி கொண்ட இசையை ஒலிக்கவிட்டு ஆராய்ந்தார். தாளம் விரைவாக இருந்தபோது ஓட்டியவர்களின் வேகம் கூடியது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் தடம் மாறுவதும் கூடின. வேகமான பாட்டு நாம் அறியாமலே நம் கையை இழுக்கிறது என்பதற்கு இது சான்று. காரில் நடக்கும் தவறு கதவில் கீறலாக முடியலாம். இருசக்கர வாகனத்தில் அப்படி முடிவதில்லை.

எனவே என் தீர்ப்பு இதுதான். ஊருக்குள், சந்துகளில், மழையில், கூட்டத்தில் பாட்டு வேண்டாம். அங்கே காது முழுதாகச் சாலைக்குச் சொந்தம். நீண்ட, தெளிவான நெடுஞ்சாலையில் கேட்கலாம், வரிசை மாறாமல்: தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற முழுமுக ஹெல்மெட், கழுத்து இடைவெளியை அடைக்க ஒரு துணி, காதுக்கு இயர்பிளக், கடைசியாகத்தான் ஸ்பீக்கர். வண்டி நிற்கும்போது வசதியாகக் கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். ஓடும்போது அது போதவில்லை என்றால் கூட்டாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் கேட்கிறோம். அடுத்த முறை கடைக்காரரிடம், உள்ளே இரைச்சல் எவ்வளவு என்றும் கேளுங்கள். போட்டுப் பார்த்து, தலையை ஆட்டிப் பார்த்து, கழுத்துப் பக்கம் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் செய்கிறவர்களும் அதை அளந்து அட்டையில் அச்சிடத் தொடங்குவார்கள்.